முழு முகம் தெரிந்தால் நிறுத்து

என் பெண்டாட்டியைப் பற்றி நான் ஓயாமல் பெருமை அடித்துக்கொள்கிறேன் என்று எங்கள் கிரேன் கம்பெனி யார்டில் எல்லோரும் சொல்வார்கள். உண்மைதான், அடித்துக்கொள்ளத்தான் செய்வேன். லாரியின் முதுகில் ஏற்றிய முழு கிரேனை ஒரு சந்துக்குள் பின்பக்கமாகவே கொண்டுபோய், இரண்டு பக்கமும் கண்ணாடியை மடக்கி, யார் வீட்டுச் சுவரிலும் ஒரு கீறல் விழாமல் நிறுத்தத் தெரிந்த ஆள் உங்கள் வீட்டில் இருந்தால் நீங்களும் அடித்துக்கொள்வீர்கள். மாட்டேன் என்றால் உங்களிடம்தான் ஏதோ கோளாறு.

எங்கள் கம்பெனிக்குக் குறுகலான தெருக்களில்தான் பிழைப்பு. பெரிய கிரேன்கள் முக்கில் வந்து நின்று உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிற தெருக்கள். அங்கே எங்கள் லாரி கிரேன் நுழையும், நான்கு இரும்புக் கால்களை ஊன்றிக்கொண்டு நிற்கும், மாடிக்கு வேண்டியதைத் தூக்கிக் கொடுக்கும். அதில் நான் சைகைக்காரன். தூக்குகிற சுமை ஓட்டுநருக்குத் தெரியாத இடத்தில் அவருக்குக் கண்ணாக இருப்பது என் வேலை. பன்னிரண்டு வருஷமாகப் பச்சை மேல்சட்டை போட்டிருக்கிறேன். சைகைக்காரனுக்கு மட்டும்தான் பச்சை, மற்றவர்களுக்கெல்லாம் ஆரஞ்சு. வாக்கி டாக்கியும் உண்டு. ஆனால் கான்கிரீட் சுவர்களுக்கு நடுவே அது கரகரவென்று கத்துவதோடு சரி. கைதான் பேசும்.

வீட்டில் அவள் சொல்வதை நான் கேட்பேன். வேலையில் என் கை சொல்வதை அவள் கேட்பாள். இதை நான் யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள், அவள் மட்டும் சிரிக்க மாட்டாள். ஏனென்றால் வேலையில் அப்படி நடந்ததே இல்லை. ஓட்டுநர் தேர்வில் தேறி இரண்டு வருஷமாகியும் அவளை யார்டைவிட்டு வெளியே விடவில்லை. இரும்புத் தகடுகளை இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு மாற்றுவது, அப்புறம் அந்த மூலையிலிருந்து இந்த மூலைக்கு. என்னைவிட வயதில் சின்னவர்கள் நிறைய என்பதால் யார்டே அவளை அண்ணி என்று கூப்பிடும். அண்ணி, இதைக் கொஞ்சம் நகர்த்துங்க. அண்ணி, அதைக் கொஞ்சம் தூக்குங்க. மரியாதைக்கு ஒரு குறைச்சலும் இல்லை. தெருவுக்குள் போகத்தான் வழியில்லை.

வழியை அடைத்துக்கொண்டு நின்றவர் மேனேஜர். எந்நேரமும் மணி பார்ப்பதால் அவருக்குக் கடிகாரம் என்று பெயர். கெட்டவர் இல்லை. ஒவ்வொரு தூக்கலையும் பதிவேட்டில் எழுதவைக்கிறவர். நடுவில் எத்தனை முறை நின்றது, யார் நிறுத்தினார், எதற்கு என்று வரி வரியாகக் கேட்கிறவர். ஆனால், பெண் ஓட்டுநருக்கு யார்டு போதுமே, சந்துக்குள் போய் எதற்குச் சிரமம் என்று ஒருநாள் என்னிடமே சொன்னார். அன்றைக்கு என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. அவளிடம் வந்து சொன்னேன். அவள் கிரீஸ் துடைத்துக்கொண்டே, சொல்லிட்டுப் போகட்டும் என்றாள். எனக்குத்தான் ஆறவில்லை. ஒரு வருஷமாக அந்த வார்த்தையை நெஞ்சிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். அதுதான் பிற்பாடு என் காலை வாரியது.

எங்கள் மூத்த ஓட்டுநர் கண்புரை அறுவைக்காக விடுப்பில் போனார். அந்த நேரம் பார்த்து ஒரு சின்ன ஆஸ்பத்திரியிலிருந்து அவசர வேலை. பின்கட்டு மாடியில் குளிரூட்டும் இயந்திரம் உயிரை விட்டுவிட்டது. அறுவைக் கூடம் பத்து நாளாகப் பூட்டிக் கிடக்கிறது. புது இயந்திரம் இரண்டரை டன். முன்கட்டு மூன்று மாடி, பின்கட்டு இரண்டு மாடி. தெருவிலிருந்து தூக்கி, முன்கட்டுக்கு மேலாகக் கொண்டுபோய், பின்கட்டு மொட்டைமாடியில் இறக்க வேண்டும். தெருவின் அகலம் பதினான்கு அடி. காலை ஆறிலிருந்து பதினொன்று வரைக்கும் தெருவை மூடித் தருவார்கள், அதற்கு மேல் ஒரு நிமிஷம்கூடக் கிடையாது.

கடிகாரத்துக்கு வேறு ஆளில்லை. எங்கள் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். இந்த வேலை சுத்தமாக முடிந்தால் பழைய நகரத்தில் கம்பெனி எடுத்திருக்கும் மாடி வேலைகள் முப்பத்திரண்டும் அவளுக்கு, இழுபறியானால் யார்டுதான், அப்புறம் யாரும் அதைப் பற்றித் தன்னிடம் பேசக் கூடாது என்றார். நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அவள் என் காலை மிதித்துவிட்டு, சரிங்க சார் என்றாள்.

முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை அந்தத் தெருவைப் பார்க்கப் போனோம். மற்ற ஓட்டுநர்கள் டேப்பை எடுத்து அளப்பார்கள். இவளும் அளந்தாள். அளந்து முடித்துவிட்டு, வாசலில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த பெண்களிடம் போய் உட்கார்ந்துவிட்டாள். மழை பெய்தால் தண்ணீர் எங்கே தேங்கும், எங்கே வடியும் என்று விசாரணை. நான் வெயிலில் நின்று கருகிக்கொண்டிருந்தேன். அரட்டைதான் என்று நினைத்தேன். திரும்பி வந்து, ஆஸ்பத்திரி வாசலுக்கு இடப்பக்கம் ஓர் இடத்தைக் காட்டினாள். தெரு முழுக்க முழங்கால் அளவு நின்றாலும் அங்கே மட்டும் தண்ணீர் நிற்பதே இல்லையாம், சாக்கடையும் இல்லையாம். கம்பெனி வரைபடத்தில் கிரேனின் பின்னங்கால் சரியாக அங்கேதான் ஊன்ற வேண்டும். கடப்பாரையால் தட்டினாள். சத்தம் காலிப் பானை மாதிரி வந்தது. கீழே ஏதோ ஒரு காலத்துக் குழி, மேலே சிமெண்டு பூசி மூடியிருக்கிறார்கள். அந்த இடத்தில் இத்தனை எடை ஊன்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தபோது எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவளோ சுண்ணக்கட்டியை எடுத்துப் பத்தடி பின்னால் புதிதாக நான்கு கட்டம் போட்டாள்.

பத்தடி தள்ளினால் கணக்கு மாறும். கிரேன் கை எவ்வளவு தூரம் நீள்கிறதோ அவ்வளவுக்கு அது தூக்கும் எடை குறையும். சந்தில் கால்களைப் பாதிதான் விரிக்க முடியும் என்பதால் இன்னும் குறையும். அன்று சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் எடை அட்டவணையை விரித்துக்கொண்டு உட்கார்ந்தாள். எட்டாம் வகுப்பு படிக்கும் எங்கள் மகள் எண்களை வாசிக்க, இவள் எழுதினாள். கொக்கியின் எடை, கட்டும் பெல்ட்டுகளின் எடை, சங்கிலி வளையங்களின் எடை, ஒன்றையும் விடவில்லை. கடைசியில் இருநூறு கிலோ மிச்சம் வந்தது. அது போதுமா அம்மா என்று மகள் கேட்டாள். போதும், ஆனால் அசங்கக் கூடாது என்றாள் இவள். நான் நடுவில் புகுந்து, நான் மேலே இருக்கும்போது எதுவும் அசங்காது என்றேன். இரண்டு பேரும் ஒரே மாதிரி என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

பாத்திரங்களை எடுத்து வைத்துக்கொண்டே அவள் கேட்டாள்.

"ஏங்க, தண்ணித் தொட்டி மேடையில நின்னா உங்க மூஞ்சி எந்தப் பக்கம் இருக்கும்?"

"பின்கட்டுப் பக்கம். கை உன் பக்கம்."

"அப்ப எனக்கு உங்க காதுதான் தெரியும். அது போதும். முழு மூஞ்சி தெரிஞ்சா நிறுத்திடுவேன்."

"என் மூஞ்சி அவ்வளவு மோசமாவா இருக்கு?"

"அது வேற கதை. நீங்க இந்தப் பக்கம் திரும்பிட்டா அங்க சுமையை யாரும் பார்க்கலன்னு அர்த்தம்."

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குத் தெருவை மூடினார்கள். இரண்டு முனையிலும் நாடா கட்டினார்கள். மேல்சட்டை இல்லாதவர்கள் நாடாவுக்கு உள்ளே வரக் கூடாது. அவள் வண்டியைப் பின்பக்கமாக எடுத்து உள்ளே வந்தாள். ஒரு தையல் கடையின் படிக்கட்டுக்கும் எங்கள் டயருக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி. கடைக்காரர் கையிலிருந்த டீ ஆறுவதுகூடத் தெரியாமல் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். சுண்ணக்கட்டிக் கட்டங்களின் மேல் தடித்த மரப்பலகைகளைப் போட்டு, நான்கு கால்களையும் ஊன்றி, வண்டியின் டயர்கள் தரையைவிட்டு எழும்பும் வரை தூக்கி நிறுத்தினாள். மட்டம் பார்க்கும் குமிழி நடுவில் வந்து உட்கார்ந்தது. எனக்கு அப்போதே தலைகால் புரியவில்லை. கடிகாரம் தெருவில் நின்று மணி பார்த்துக்கொண்டிருந்தார்.

முன்கட்டு மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்கென்று ஒரு மேடை உண்டு. இடுப்பில் பெல்ட்டை மாட்டிக்கொண்டு நான் அதன் மேல் ஏறி நின்றேன். அங்கிருந்து ஒரு பக்கம் தெருவில் அவள் உட்கார்ந்து ஓட்டும் கிரேன் அறை தெரியும், மறுபக்கம் பின்கட்டு மாடி தெரியும். பின்கட்டில் எங்கள் ஆட்கள் ஒல்லியும் இன்னொருவரும் ஆளுக்கொரு கயிற்றோடு நின்றார்கள். இறங்கும் இயந்திரம் சுழலாமல் அந்தக் கயிறுகளால் பிடித்துக்கொள்ள வேண்டும். பெயர்தான் ஒல்லி. ஆள் நின்றால் வாசல் அடைபடும்.

விரலை மேலே காட்டிச் சுழற்றினேன். தெருவிலிருந்து இயந்திரம் கிளம்பியது. ஒரு சாண், ஒரு முழம். அங்கேயே சற்று நிறுத்திப் பார்த்தோம். பெல்ட்டுகள் இறுகி, கால்கள் அசையாமல் நின்றன. மறுபடி மேலே. இரண்டாவது மாடி உயரம் வந்தபோது எதிர்வீட்டுப் பால்கனியில் பல் தேய்த்துக்கொண்டிருந்த ஒரு மனிதர் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினார். கிரேன் அந்த நொடியே நின்றது. எங்கள் தொழிலில் எதைச் செய்யச் சொல்வதற்கும் சைகைக்காரன் ஒருவனுக்குத்தான் உரிமை. நிறுத்தச் சொல்ல மட்டும் எவருக்கும் உரிமை உண்டு, தெருவில் போகிறவருக்கும் உண்டு. இரண்டு கையையும் ஆட்டினால் உடனே நிறுத்து என்று பொருள். ஆள் போய் அந்த மனிதரிடம் கேட்டால், அவர் நாடாவுக்கு அப்பால் நின்ற நண்பரைக் கூப்பிட்டாராம். வாயெல்லாம் நுரையோடு மன்னிப்புக் கேட்டார். அவள் பதிவேட்டை எடுத்து, நின்ற நேரத்தையும் காரணத்தையும் எழுதிவிட்டுத்தான் மறுபடி நெம்புகோலைத் தொட்டாள். பதினோரு நிமிஷம் போயிற்று.

அப்புறம் நடந்ததை நான் சாகும் வரை மறக்க மாட்டேன். இரண்டரை டன் இரும்பு முன்கட்டு மாடிக்கு மேலாக, கைப்பிடிச் சுவருக்கு ஓரடி உயரத்தில், தூங்குகிற குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகிற மாதிரி நகர்ந்து போனது. ஒரு குலுக்கல் இல்லை, ஒரு ஆட்டம் இல்லை. அவளுக்கு அது தெரியவே தெரியாது. என் கை மட்டும்தான் தெரியும். நான் விரலை அசைத்தால் அசைகிறது, மடக்கினால் நிற்கிறது. இத்தனை வருஷத்தில் எத்தனையோ ஓட்டுநர்களுக்குச் சைகை காட்டியிருக்கிறேன். கையைக் காட்டியதற்கும் சுமை கேட்டதற்கும் நடுவே இப்படி இடைவெளியே இல்லாமல் ஒரு நாளும் பார்த்ததில்லை. எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

பின்கட்டுக்கு மேல் வந்துவிட்டது. இனி இறக்க வேண்டியதுதான். ஒரு கையை அசையாமல் பிடித்து, அதன் கீழே மறுகை விரலைத் தரையைப் பார்த்துச் சுழற்றினேன். மெதுவாக இறக்கு என்று பொருள். இறங்கியது. ஆறடி, ஐந்தடி, நான்கடி. முடிந்தது என்றே நினைத்துவிட்டேன். அப்போதுதான் அந்த ஆசை வந்தது. கடிகாரத்தின் முகம் இப்போது எப்படி இருக்கும்? யார்டு போதும் என்று சொன்ன அந்த வாய் திறந்து கிடக்கிறதா, மூடிக் கிடக்கிறதா? ஒரே ஒரு நொடி பார்த்தால் என்ன? கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டிய நேரத்தில், என் விரல் பாட்டுக்குச் சுழன்றுகொண்டிருக்க, நான் திரும்பித் தெருவைப் பார்த்தேன்.

கடிகாரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். வாய் திறந்துதான் இருந்தது. எனக்கு அமிர்தம் குடித்த மாதிரி இருந்தது.

கம்பி இறங்கும் சத்தம் நின்றது. நான் நிறுத்தச் சொல்லவில்லை. திடுக்கிட்டு அவளுடைய அறையைப் பார்த்தேன். கண்ணாடிக்குப் பின்னால் அவள் இரண்டு கைகளையும் நெம்புகோல்களிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பின்கட்டுப் பக்கம் திரும்பினேன். ஒல்லி இடம் மாறி நிற்பதற்காகக் கயிற்றைக் கொஞ்சம் தளர்த்தியிருக்கிறார். இயந்திரம் மெல்லச் சுழன்று, அதன் ஒரு மூலை சுவரோரம் இடுப்பு உயரத்தில் போகிற ஆக்சிஜன் குழாய்க்கு நேர் மேலே வந்திருந்தது. மூலைக்கும் குழாய்க்கும் நடுவே என் உள்ளங்கையை நுழைக்கலாம், முஷ்டியை நுழைக்க முடியாது. அந்தக் குழாயின் மறுமுனையில் எத்தனை கட்டில்கள் என்று எனக்குத் தெரியாது. ஒல்லி வெளுத்துப்போய் நின்றார். இன்னும் ஒரு நொடி இறங்கியிருந்தால் அவர் கத்துவதற்குக்கூட நேரம் இருந்திருக்காது.

நிறுத்தச் சைகையை முறையாகக் காட்டினேன், ஏற்கெனவே நின்றிருந்த கிரேனுக்கு. அதன் பிறகு மேலே ஒரு முழம், கயிற்றை இழுத்துத் திருப்பி, மறுபடி மெதுவாகக் கீழே. இந்த முறை என் காதைத் தவிர அவளுக்கு வேறொன்றும் தெரிந்திருக்காது. பத்து மணி எட்டு நிமிஷத்துக்கு இயந்திரம் தன் நான்கு பாதங்களிலும் உட்கார்ந்தது. ஆஸ்பத்திரி ஜன்னல்களிலிருந்து கைதட்டினார்கள். நான் தட்டவில்லை.

கீழே இறங்கி வந்தபோது கடிகாரம் பதிவேட்டைப் படித்துக்கொண்டிருந்தார். முதல் நிறுத்தம் பல் தேய்த்தவர், அது சரி என்றார். இரண்டாவது வரியில் விரல் நின்றது. ஓட்டுநர் நிறுத்தினார், காரணம்: உறுதியில்லை என்று அவள் கையெழுத்தில் இருந்தது.

"உறுதியில்லன்னா என்னம்மா?" என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை.

குழம்பில் உப்பு ஒரு கல் கூடினால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி சொல்கிறவள், கையுறையைக் கழற்றி மடித்துக்கொண்டு சும்மா நின்றாள். என் பச்சைச் சட்டையில் பன்னிரண்டு வருஷமாக ஒரு கறை கிடையாது. அதற்காகத்தான் அந்த ஒரு வார்த்தையை எழுதியிருக்கிறாள்.

கடிகாரம் பதிவேட்டை மூடினார். வேலை அழகாகத்தான் இருந்தது, ஆனால் சுமை இறங்குகிற நேரத்தில் தயங்குகிற கை சந்துக்கு ஆகாது, இன்னும் ஒரு வருஷம் யார்டில் பழகட்டும் என்றார். அவள் தலையை ஆட்டினாள். கண் கலங்கவில்லை. எனக்குத்தான் கலங்கியது.

பொய் சொல்ல மாட்டேன், ஒரு கணம் பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் எனக்குத் தோன்றியது. அவளே விட்டுக்கொடுத்துவிட்டாளே, நான் எதற்கு வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ள வேண்டும்? அடுத்த கணம் பொல்லாத கோபம் வந்தது. அவள் மேல் பாதி, என் மேல் மீதி.

"அவ உறுதியாத்தான் சார் நிறுத்தினா. உறுதியா இல்லாதது நான். சுமையைப் பார்க்காம தெருவுல உங்களைப் பார்த்தேன். என் முழு மூஞ்சியும் தெரிஞ்சதால நிறுத்தினா. நிறுத்தலன்னா ஆக்சிஜன் குழாய் நசுங்கியிருக்கும்."

"என்னை எதுக்குய்யா பார்த்தே?"

"உங்க மூஞ்சி எப்படி இருக்குன்னு பார்க்க."

சொன்ன பிறகு என் முகத்தில் அசடு வழிந்தது. பக்கத்தில் நின்ற ஒல்லி, கயிற்றைத் தளர்த்தியது நான்தான் சார் என்று தன் பங்குக்கு முணுமுணுத்தார். முதன்முறையாகக் கடிகாரம் மணி பார்க்காமல் நின்றதைப் பார்த்தேன். பிறகு பதிவேட்டைத் திறந்து பேனாவோடு அவளிடம் நீட்டினார். அவள் என்னைப் பார்த்தாள். எழுது என்றேன். உறுதியில்லை என்பதை ஒரே கோட்டில் அடித்தாள். சைகைக்காரர் கண்ணைச் சுமையிலிருந்து எடுத்தார், ஓட்டுநர் நிறுத்தினார் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். என் பெயருக்கு எதிரே அப்படி ஒரு வரி விழுந்தது அதுதான் முதல் தடவை.

எங்கள் கம்பெனியில் அதற்குத் தண்டனை எல்லோருக்கும் தெரியும். கடிகாரம் கையை நீட்டினார். பச்சைச் சட்டையைக் கழற்றிக் கொடுத்தேன். மூன்று மாதம் யார்டு, பிறகு மறுதேர்வு. அவர் அதை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அவள் பக்கம் திரும்பினார்.

"நாளைக்குப் பழைய நகரத்துல முதல் மாடி. சைகைக்கு யார் வேணும்?"

மனதுக்குள் ஒரு சின்ன நப்பாசை. நாளை ஒரு நாளைக்கு மட்டும் இவர் இருக்கட்டும் சார் என்று கேட்பாள், பெண்டாட்டி அல்லவா என்று நினைத்தேன்.

"ஒல்லியண்ணனைக் கொடுங்க. தப்பைத் தானா சொன்னாரு. சைகைத் தேர்வும் போன வருஷமே முடிச்சிருக்காரு."

"மூணு மாசம் கழிச்சு இவர் வந்துடுவாரே?"

"வரட்டும் சார். தேர்வு எழுதட்டும். அப்புறம் பார்த்துச் சொல்றேன்."

வலித்தது. இல்லை என்றால் பொய். ஆனால் அந்த வலிக்கு அடியிலிருந்தே குபுக்கென்று ஒரு சந்தோஷம் கிளம்பியது. அதை எப்படிச் சொல்வது? அந்தக் கிரேன் அறையில் உட்கார்ந்திருப்பது என் பெண்டாட்டியாக இல்லாமல் வேறு யாராக இருந்தாலும், நல்ல ஓட்டுநராக இருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பார். நான் ஊரெல்லாம் அடித்துக்கொண்ட பெருமை அவ்வளவும் குறைவுதான் என்று அப்போதுதான் தெரிந்தது.

சட்டை இல்லாதவன் உள்ளே நிற்கக் கூடாது என்பதால் நாடாவைக் குனிந்து தாண்டிக் கூட்டத்தோடு போய் நின்றேன். அவள் கிரேன் கையை மடக்கி, நான்கு கால்களையும் உள்ளே இழுத்து, மரப்பலகைகளை எண்ணி ஏற்றச் சொன்னாள். பச்சைச் சட்டை ஒல்லியின் வயிற்றில் பொத்தான் போட முடியாமல் திறந்து கிடந்தது. அவர் முன்னால் நடந்து கை காட்ட, வண்டி சந்தைவிட்டு நகர்ந்து வந்தது. என்னைக் கடந்துபோனபோதுகூட அவள் திரும்பவில்லை. ஒல்லியின் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பதினொன்றுக்கு இரண்டு நிமிஷம் இருந்தது. தெரு திறக்கக் காத்திருந்த ஒருவர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு என்னிடம் கேட்டார்.

"அந்தம்மாவா இதை ஓட்டுறாங்க?"

"ஆமா. என் வீட்டுக்காரி."

"அப்படியா. நீங்களும் அவங்களோடதான் வேலை செய்யறீங்களா?"

"இல்லீங்க," என்றேன். "அவங்களோட வேலை செய்யற தகுதி எனக்கு இன்னும் வரல."